சர்வதேசக் கால்பந்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்த தருணம் எது? (கோப்பை தூக்கும் காட்சி கணக்கில் கிடையாது)

#1 ஓரக்கோடு

கேப்டன் கோப்பையைத் தூக்குவது, மேலே காகிதத் துணுக்குகள் பறப்பது, பின்னால் நிற்பவர்கள் குதிப்பது. இதெல்லாம் எல்லாப் போட்டித் தொடரிலும் ஒருமுறை வந்துவிடும், அதனால் அது வேண்டாம். ஆட்டத்துக்கு நடுவிலோ முடிந்த கையோடோ உங்களைக் கலங்கடித்த ஒரே ஒரு தருணத்தைச் சொல்லுங்கள். ஏன் கலங்கினீர்கள் என்பதையும் சேர்த்து. வெறும் பட்டியல் போடுகிறவர்களுக்கு மஞ்சள் அட்டை.

நானே ஆரம்பிக்கிறேன். 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க், உலகக்கோப்பைக் காலிறுதி. கானா, உருகுவே 1-1. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். கானாவின் அதியா தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போகப் போகிறது, கோட்டில் நின்ற உருகுவேயின் சுவாரஸ் கையால் தட்டிவிடுகிறார். சிவப்பு அட்டை, பெனால்டி. அடிக்க வந்தவர் அசமோவா ஜியான். உலகக்கோப்பை முதன்முறையாக ஆப்பிரிக்க மண்ணில் நடக்கிறது. இது உள்ளே போனால் ஓர் ஆப்பிரிக்க அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போகும். பந்து மேல் கம்பத்தில் பட்டு ஆகாயத்துக்குப் போய்விட்டது.

இது எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தொண்டை அடைத்தது இங்கே இல்லை, சில நிமிடம் கழித்து. ஷூட்-அவுட்டில் (சமநிலை என்றால் மாறி மாறி பெனால்டி அடித்து முடிவு செய்வது) கானாவின் முதல் உதைக்கு யார் வருகிறார் என்று பார்த்தால், அதே ஜியான்! நடு வட்டத்திலிருந்து பெனால்டி புள்ளிக்கு நாற்பது மீட்டர் சொச்சம் இருக்கும். அந்த தூரத்தை ஒரு மனிதன் அந்த நேரத்தில் எப்படி நடந்து கடந்தான் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தாழ்வாக, பத்திரமாக அடித்திருக்கலாம். அவர் மறுபடியும் உயரமாகவே அடித்தார், கோல். அப்புறம் மென்சாவும் அதியாவும் கோட்டைவிட்டார்கள், 4-2 என்று கானா தோற்றது, ஜியான் கேவிக் கேவி அழுதார். அந்த அழுகையைத்தான் எல்லோரும் படம் போடுகிறார்கள். நான் அந்த நடையை வைத்திருக்கிறேன்.

#2 கம்பிவலை

சுவாரஸைத் திட்டாமல் இந்தக் கதையைச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

#3 ஓரக்கோடு

திட்ட என்ன இருக்கிறது? விதி என்ன சொல்கிறதோ அதன்படி வெளியே போனார், பெனால்டியும் கொடுத்தார்கள், அடுத்த ஆட்டமும் அவருக்கு இல்லை. சுரங்கப்பாதை வாசலில் நின்று அவர் குதித்ததுதான் எரிச்சல். 2022 உலகக்கோப்பையின் குழுச் சுற்றில் அதற்கும் கணக்கு தீர்ந்தது. அதே கானாவை 2-0 என்று உருகுவே ஜெயித்தது, ஆனால் வேறொரு மைதானத்தில் தென் கொரியா கடைசி நேரத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக ஒரு கோல் போட, உருகுவே வெளியே. சுவாரஸ் பனியனால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் அழுதார். தானும் வெளியேறுகிற கானாவின் ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். இது நெகிழ்ச்சியான தருணம் கிடையாது, வெறும் பழி. ஆனால் பார்க்க நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

#4 தாமிரத்தோட்டா

ஜியான் கதைக்கு அடுத்த பாகம் ஒன்று உண்டு, அதுதான் என் தருணத்துக்கு வாசல்.

2012 ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதி. கானாவுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பெனால்டி. மறுபடியும் ஜியான். சாம்பியாவின் கோல்கீப்பர் ம்வீனே தடுத்துவிட்டார். பிறகு மயூக்கா ஒரு கோல் போட, 1-0 என்று சாம்பியா இறுதிப் போட்டிக்குப் போனது. அந்த இறுதி எங்கே நடந்தது என்பதுதான் விஷயம்.

19 வருடம் பின்னால் போக வேண்டும். 1993 ஏப்ரல் 27. உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக செனகலுக்குப் புறப்பட்ட சாம்பிய அணியின் விமானம் எரிபொருள் நிரப்ப கேபனின் லிப்ரவில் நகரில் இறங்கியது. அங்கிருந்து கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கடலில் விழுந்தது. உள்ளே இருந்த 30 பேரும் இறந்தார்கள், அதில் 18 பேர் ஆட்டக்காரர்கள். அணியின் நட்சத்திரம் கலூஷா ப்வால்யா நெதர்லாந்தில் ஆடிக்கொண்டிருந்ததால் தனியாக வர ஏற்பாடு, அதனால் தப்பினார். மறு வருடமே புதுப் பையன்களைச் சேர்த்து அணி கட்டி, ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிவரை போய் நைஜீரியாவிடம் 2-1 என்று தோற்றார்கள். அதுவே நம்ப முடியாத காரியம்.

2012 தொடரை கேபனும் ஈக்வடோரியல் கினியாவும் சேர்ந்து நடத்தின. சாம்பியா அரையிறுதிவரை ஆடியதெல்லாம் ஈக்வடோரியல் கினியாவில். இறுதிக்கு வந்தால் மட்டுமே லிப்ரவில். அதாவது அந்தக் கடற்கரைக்கு அவர்கள் ஜெயித்துத்தான் வந்து சேர முடியும். வந்தார்கள். இறுதிக்கு முன்னால் கடற்கரைக்குப் போய்ப் பூ வைத்தார்கள். கலூஷா அப்போது அவர்களுடைய கால்பந்துச் சங்கத் தலைவர்.

எதிரே துரோக்பாவின் ஐவரி கோஸ்ட். துரோக்பா ஒரு பெனால்டியை மேலே அடித்தார். 0-0. ஷூட்-அவுட் முடிவே இல்லாமல் போனது. ஒருத்தன் பந்தை எடுத்துக்கொண்டு நடக்கும்போது நடு வட்டத்தில் மிச்சப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். ஓரக்கோடு சொன்ன அந்த நாற்பது மீட்டரில் பின்னால் பாட்டு கேட்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் சுன்சு அடித்தார், 8-7.

ஆனால் கோப்பை தூக்குவது கணக்கில் இல்லை என்றீர்கள், அதனால் அதற்கு முந்தைய ஒரு காட்சி. ஜோசப் முசோண்டா என்ற தடுப்பாட்டக்காரர் ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காயப்பட்டு அழுதுகொண்டே வெளியேறியிருந்தார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் ஓடிக் குதிக்கிறார்கள், இவரால் நடக்கக்கூட முடியவில்லை. பயிற்சியாளர் எர்வே ரெனார் போய், குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் அள்ளித் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒரு கோச் தன் ஆட்டக்காரனை அப்படித் தூக்கி நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

#5 ஏழரைநம்பர்

பாஜ்ஜோ 1994. முடிந்தது. விளக்கம் தேவையா?

#6 ஓரக்கோடு

தேவை. மஞ்சள் அட்டை.

#7 ஏழரைநம்பர்

சரி சரி. 1994 உலகக்கோப்பை இறுதி, பிரேசிலோடு ஷூட்-அவுட். பாஜ்ஜோ மேலே அடித்துத் தவறவிட்டதால் இத்தாலி தோற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். பரேசியும் மசாரோவும் அதற்கு முன்பே கோட்டைவிட்டாயிற்று. அவர் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. நாக்-அவுட்டில் அணியைத் தோளில் சுமந்து இறுதிக்குக் கொண்டுவந்த ஆள், ஒரு உதையால் 'தவறவிட்டவர்' ஆகிவிட்டார். நான்கு வருடம் கழித்து 1998-இல் சிலிக்கு எதிராக ஆட்டம் முடியப் போகும்போது ஒரு பெனால்டி, 1-2 என்று பின்தங்கியிருக்கிறார்கள். பாஜ்ஜோவே எடுத்தார். இந்தத் தடவை தாழ்வாக. 2-2. அட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

#8 பாதிநேரம்

டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் இன்னும் வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். நான் பொழுதுபோக்காக நடுவர் வேலை பார்க்கிறவன், சின்னச் சின்னப் போட்டிகளில். அதனால் நான் அந்த ஆட்டத்தைப் பார்த்த விதம் வேறு.

2021 ஜூன் 12, கோபன்ஹேகன், டென்மார்க் - பின்லாந்து. (ஐரோப்பிய நாடுகளின் கோப்பைத் தொடர், யூரோ 2020 என்று பெயர், கோவிட்டால் ஒரு வருடம் தள்ளி நடந்தது.) முதல் பாதி முடியப் போகிறது. ஒரு த்ரோ-இன். பந்து எரிக்சனை நோக்கி வருகிறது, அவர் அப்படியே முன்பக்கமாகச் சாய்ந்து விழுகிறார். யாரும் தொடவில்லை. கையை ஊன்றிக்கொள்ளவில்லை. கால் இடறி விழுகிறவன் கையை ஊன்றுவான். நடுவர் அந்தோணி டெய்லர் உடனே விசில் அடித்து மருத்துவக் குழுவைக் கூப்பிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அது என்ன என்று உறைக்கச் சில நொடி ஆனது. டெய்லருக்கு ஆகவில்லை.

கேப்டன் சீமோன் கியேர் ஓடிவந்து முதலில் கவனித்தார். பிறகு அணி முழுக்க அவரைச் சுற்றி வட்டமாக, முதுகை உள்ளே காட்டி முகத்தை வெளியே வைத்து நின்றது. கேமராவுக்கு மறைப்பு. சிலர் அழுகிறார்கள், ஆனால் யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்லாந்து ரசிகர்கள் மேலிருந்து தங்கள் கொடிகளைக் கொடுத்தார்கள், திரையாகப் பிடிக்க. எரிக்சனின் துணைவி மைதானத்துக்குள் வந்தபோது கியேரும் கோல்கீப்பர் ஷ்மைக்கேலும் போய் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் காலரியில் பின்லாந்துக்காரர்கள் 'கிறிஸ்டியன்' என்று கத்த, டென்மார்க்குக்காரர்கள் 'எரிக்சன்' என்று பதில் கத்தினார்கள். அங்கே எனக்கு முடியவில்லை, எழுந்து போய்விட்டேன்.

அவருக்கு இதயம் நின்றே போயிருந்தது, ஒரு ஷாக்கில் திரும்பி வந்தது என்று அணி மருத்துவர் பிறகு சொன்னார். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம் நான் நடுவராக இருந்த ஒரு ஆட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தார். நல்லவேளை, வெயில் மயக்கம்தான். ஆனால் அந்த ஷாக் கருவிப் பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, அறையில் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். அன்றிலிருந்து நான் டாஸ் போடுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிடுகிறேன். சிலர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

#9 கம்பிவலை

அந்த வட்டம் எல்லாம் சரி. ஆனால் அன்றைக்கு ராத்திரியே ஆட்டத்தை மறுபடி தொடங்கியதை இந்த மாதிரி இழைகளில் யாரும் பேசுவதில்லை. இன்றிரவே முடியுங்கள், இல்லையென்றால் நாளை மதியம் ஆடுங்கள் என்று இரண்டு வழிதான் முன்னால் வைத்தார்கள். நண்பன் செத்துப் பிழைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு தேர்வா? எரிக்சன் கண் விழித்துவிட்டார் என்று தெரிந்த பிறகு ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் கியேரால் தொடர முடியாமல் பாதியில் வெளியே வந்தார். ஹொய்பியர் பெனால்டியைக் கோல்கீப்பர் கையிலேயே கொடுத்தார். பின்லாந்தின் போயன்பாலோ தன் நாட்டுக்காக யூரோவில் முதல் கோல் போட்டுவிட்டுக் கொண்டாட முடியாமல் நின்றார். அந்த நாட்டின் வரலாற்றிலேயே பெரிய கோல் அது. அவருக்கும் அது பறிபோனது.

'நெகிழ்ச்சியான தருணம்' என்று நாம் பெயர் வைத்துவிட்டால் இந்தக் கேள்வியெல்லாம் மறைந்துபோகிறது. எனக்கு அதுதான் உறுத்தல்.

#10 பாதிநேரம்

ஒப்புக்கொள்கிறேன். அன்றிரவு ஆடியிருக்கக் கூடாது. ஷ்மைக்கேலே பிறகு அந்த முடிவைக் குறை சொன்னார்.

ஆனால் அடுத்த ஆட்டத்தில் பெல்ஜியத்துக்கு எதிராகப் பத்தாவது நிமிடம், எரிக்சனின் எண் 10 என்பதால், பந்தை வெளியே தட்டிவிட்டு இரண்டு அணியும் கைதட்டியதே, அதை யாரும் வற்புறுத்தவில்லை. முதல் இரண்டிலும் தோற்ற அணி, ரஷ்யாவை 4-1 என்று அடித்து, அப்புறம் வேல்ஸ், செக் குடியரசு என்று அரையிறுதிவரை போனது.

#11 மெல்லநடை

எரிக்சனுக்கு நெஞ்சில் டிஃபிப்ரிலேட்டர் (இதயம் தடுமாறினால் ஷாக் கொடுக்கும்) கருவி பொருத்தினார்கள். இத்தாலியில் அந்தக் கருவியோடு ஆட அனுமதி இல்லாததால் இன்டர் மிலான் கிளப்பை விட்டு இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு போனார். 2024 யூரோவில், விழுந்த நாளிலிருந்து 1100 நாள் கழித்து, ஸ்லோவேனியாவுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் கோல் போட்டார். ஆட்டம் 1-1 என்று டிரா ஆனதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா? நான் இல்லை, தேடித்தான் பார்த்தேன்.

#12 கம்பிவலை

என் தருணத்தைச் சொல்லாமல் குறை மட்டும் சொல்கிறேன் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். சரி, சொல்கிறேன். 2007 ஆசியக் கோப்பை, இராக்.

வழக்கமாக எப்படி எழுதுவார்கள்? ஷியா, சன்னி, குர்து மூவரும் ஒரே பனியனில். ஹவார் முல்லா முகமது என்ற குர்து இனத்தவர் கார்னர் அடிக்க, யூனிஸ் மஹ்மூத் என்ற சன்னி கேப்டன் தலையால் முட்டி, ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1-0 என்று வென்றார்கள். கால்பந்து ஒரு நாட்டை ஒன்று சேர்த்தது. எழுதியவர் பேனாவை மூடுவார்.

என்னால் அப்படி மூட முடியவில்லை. நான்கு நாள் முன்னால், ஜூலை 25, அரையிறுதியில் தென் கொரியாவை ஷூட்-அவுட்டில் வென்றதும் பாக்தாத் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். கொண்டாடிக்கொண்டிருந்த கூட்டத்தில் கார் குண்டுகள் வெடித்தன. ஐம்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். நாம் ஜெயித்ததால்தானே அவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்று ஆட்டக்காரர்கள் உடைந்துபோனார்கள். தொடரை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். அப்போது மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், நீங்கள் கோப்பையோடு வரும்வரை நான் இவனைப் புதைக்க மாட்டேன் என்று சொன்னதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்களாம். அதற்கப்புறம் விடுவது எப்படி என்று யூனிஸ் பிற்பாடு பேசியிருக்கிறார்.

என் தருணம் அந்தக் கோல் விழுந்த நொடி. யூனிஸ் ஓடுகிறார். கோலடித்தவனுடைய சந்தோஷம்தான் முகத்தில் இருக்கிறது. ஆனால் முந்தைய நான்கு நாள் தெரிந்த பிறகு அந்த ஓட்டத்தைப் பார்த்தால், கடன் அடைத்தவன் ஓடுகிற மாதிரி இருக்கிறது. ஜெயித்த பிறகும், உயிருக்குப் பயந்து ஊர் திரும்ப முடியாது என்று அவரே சொன்னார். கோப்பை போனது, கேப்டன் போகவில்லை. ஒன்று சேர்ந்த நாடாம்.

#13 தாமிரத்தோட்டா

கம்பிவலை, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒரு சின்ன மறுப்பு மட்டும். அந்த ஒரு ராத்திரி பொய் என்றாகிவிடாது இல்லையா? சாம்பியா ஜெயித்ததால் அந்த 18 பேர் திரும்பி வரவில்லை. யாரும் வருவார்கள் என்று நினைத்து ஆடவில்லை.

#14 கம்பிவலை

பொய் என்று நான் சொல்லவில்லை. பாதியைச் சொல்லாதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான்.

#15 ஏழரைநம்பர்

பாதி என்றதும் எஸ்கோபார் ஞாபகம் வந்தது. 1994 உலகக்கோப்பை, அமெரிக்காவுக்கு எதிராகக் கொலம்பியாவின் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் காலில் பட்டு ஒரு சேம் சைடு கோல். பத்து நாள் கழித்து மெதயினில் சுட்டுக்கொன்றார்கள். சேம் சைடு கோல் என்றால் நாம் சிரிப்போம். நான் இப்போது சிரிப்பதில்லை.

#16 மெல்லநடை

பதினைந்து பதிவு போயாயிற்று, பெண்கள் கால்பந்தை யாரும் தொடவில்லை. எதிர்பார்த்ததுதான்.

2011 மகளிர் உலகக்கோப்பை, ஜெர்மனி. அந்த மார்ச்சில்தான் ஜப்பானில் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. நான்கு மாதத்தில் அணி களத்தில். காலிறுதியில் எதிரே ஜெர்மனி, முந்தைய இரண்டு கோப்பையும் அவர்களுடையது, அதுவும் சொந்த மண். பயிற்சியாளர் சசாகி ஆட்டத்துக்கு முன் சுனாமி அழிவின் படங்களைக் காட்டினார். கூடுதல் நேரத்தில் 108-வது நிமிடம் ஒரே கோல். அடித்தவர் கரினா மருயாமா. மின் நிறுவனத்தின் கிளப்புக்கு ஆடியவர், ஃபுகுஷிமா அணு உலையிலேயே வேலை பார்த்தவர். கதை எழுதுகிறவன் இதை எழுதினால், ரொம்ப இழுக்கிறாய் என்று நாமே சொல்வோம்.

இறுதியில் அமெரிக்கா இரண்டு தடவை முந்தியது, இரண்டு தடவையும் ஜப்பான் பிடித்தது. இரண்டாவது 117-வது நிமிடம், கார்னரில் சவா காலைத் தூக்கிப் பின்பக்கமாகத் தட்டிய அந்தக் கோல். ஷூட்-அவுட்டில் ஜெயித்ததும் எல்லோரும் ஓட, மியாமா மட்டும் முதலில் அமெரிக்க ஆட்டக்காரர்களிடம் போனார். ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் தன் அணியிடம் வந்தார். நீங்கள் ஆளுக்கொரு தோற்றவனைத் தேடிப் பிடித்து எழுதுகிறீர்களே, ஜெயித்தவள் என்ன செய்தாள் என்பதும் இருக்கட்டும்.

#17 பாதிநேரம்

மெல்லநடை, அப்படியென்றால் 2023 கார்மோனாவையும் நீங்களே எழுதிவிடுங்கள். எனக்கு அதில் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது.

#18 மெல்லநடை

சுருக்கமாக. 2023 மகளிர் உலகக்கோப்பை, ஸ்பெயின் கேப்டன் ஓல்கா கார்மோனா. அரையிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராகக் கடைசி நேரக் கோல் அவருடையது. சிட்னியில் இங்கிலாந்துக்கு எதிரான இறுதியிலும் ஒரே கோல், 29-வது நிமிடம், அவருடையதே. போட்டதும் பனியனைத் தூக்கிக் காட்டினார், உள்ளே 'மெர்ச்சி' என்று எழுதியிருந்தது. அண்மையில் இறந்த தோழியின் அம்மா பெயர். அடுத்தவர் வீட்டுச் சாவுக்காக அந்தக் கோலை அவர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அப்பாவே இரண்டு நாள் முன்னால் இறந்துபோயிருந்தார். குடும்பம் சொல்லவில்லை. கோப்பை வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

#19 பாதிநேரம்

கேள்வி அதுதான். சொல்லாமல் இருந்தது சரியா? நான் என் வீட்டில் கேட்டுப் பார்த்தேன், ஆளுக்கொரு பதில். டென்மார்க்கின் கிம் வில்ஃபோர்ட் 1992 யூரோவில், லுகேமியாவில் கிடந்த தன் குழந்தையிடம் ஒரு ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார், திரும்பி வந்தார், இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோலைப் போட்டார். சில வாரத்தில் குழந்தை இறந்துவிட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, போவதும் வருவதும் அவர் முடிவு. கார்மோனாவுக்கு அந்த முடிவை யாரும் கொடுக்கவில்லையே.

#20 கம்பிவலை

சொல்லியிருக்க வேண்டும். அவருடைய அப்பா.

#21 தாமிரத்தோட்டா

சொல்லியிருந்தால் சிட்னியில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து அழுதிருப்பார். அப்பா எதைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்?

#22 கம்பிவலை

இருக்கலாம். ஆடியும் இருக்கலாம். ஜியானை இன்னொரு முறை நடக்கச் சொல்லி யாரும் தள்ளிவிடவில்லை என்றுதான் நினைக்கிறேன், அவராகத்தான் போனார். அதனால்தானே ஓரக்கோடு அதை முதல் பதிவாகப் போட்டிருக்கிறார்.

#23 ஓரக்கோடு

அந்த ஷூட்-அவுட்டை இப்போது மறுபடியும் போட்டுப் பார்த்தேன். நடந்து வரும்போது அவர் கோல்கீப்பரைப் பார்க்கிறாரா, பந்தையா என்று கவனிக்க நினைத்தேன். கேமரா பின்னால் இருக்கிறது, முதுகுதான் தெரிகிறது.